ஏழு பேர் எதுக்கு? மலாக்காவுக்குக் கூடைப்பந்து ஆடப் போன கதை

போன வாரம் இந்த வலைப்பூவின் கீழே ஒரு பெண் கேள்வி கேட்டிருந்தாள். அவளுடைய கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணி அடுத்த மாதம் மலாக்காவுக்குப் போட்டிக்குப் போகிறதாம். பன்னிரண்டு ஆட்டக்காரிகள், ஒரு பயிற்சியாளர், சுளுக்கு விழுந்தால் காலைப் பார்க்கத் தனியாக ஓர் ஆள். 'எப்படிப் போகலாம், எங்கே சாப்பிடலாம், ஆட்டம் முடிந்தபிறகு பார்க்க என்ன இருக்கிறது, சொல்லுங்கள் டீச்சர்' என்று எழுதியிருந்தாள். வழியைக் கையிலிருக்கும் போனே சொல்லிவிடும். ஆனால் மலாக்காவையும் கூடைப்பந்தையும் ஒரே வரியில் எழுதி என்னிடம் நீட்டிவிட்டாள் அல்லவா, இனி நான் சொல்வதை அவள் முழுதாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நான் முதன்முதலில் மலாக்கா போனது மெர்டேக்காவுக்கு, அதாவது நாடு சுதந்திரம் வாங்கியதற்கு, மறு வருஷம். எனக்குப் பத்தொன்பது வயது. சிரம்பான் பக்கத்தில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரியின் கூடைப்பந்து அணித் தலைவி நான்தான். இதைத் தட்டச்சு செய்யும்போதே எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், அந்த நிமிர்வு மலாக்கா போய்ச் சேரும்வரைதான் இருந்தது.

அந்த வருஷம் மலாக்காவில் கல்லூரி மாணவிகளுக்கென்று ஒரு பாஸ்கெட்பால் போட்டி நடத்தப்போவதாக எங்கள் கல்லூரிக்கு அழைப்பு வந்தது. ஆண்களுக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது, பெண்களுக்கு அதுதான் முதல் தடவை. எங்கள் விளையாட்டு ஆசிரியை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். அழைப்பைப் படித்ததும் 'பெண்கள் பாஸ்கெட்பால்தானே, நம்மிடம் அருமையான அணி இருக்கிறதே' என்று அன்றைக்கே பதில் போட்டுவிட்டார். நாங்களும் ஒரு மாதம் காலையும் மாலையும் பயிற்சி எடுத்தோம். 'பந்து பிடிக்கவா உன்னைப் படிக்க அனுப்பினேன்' என்று என் அப்பா கேட்டார். டீச்சர் வேலைக்கு இதுவும் ஒரு தகுதி என்று ஒரு போடு போட்டதும் சரி என்று விட்டுவிட்டார்.

புறப்பட்டவர்கள் ஏழு பெண்கள். துணைக்கு மிஸஸ் தேவசகாயம். அவர் எங்களுக்கு மனோதத்துவம் சொல்லிக்கொடுத்தவர், பந்தைக் கையால் தொட்டே பார்த்திராதவர். குடையும் அடுக்குச் சட்டியுமாக அவர் ரயிலடிக்கு வந்து நின்றதைப் பார்த்தால் கல்யாணத்துக்குப் பெண் அழைத்துப் போகிறவர் மாதிரி இருந்தது.

சிரம்பானிலிருந்து தம்பின் வரைக்கும் ரயில், கிட்டத்தட்ட முப்பது மைல். மூன்றாம் வகுப்பில் மரப்பலகை இருக்கை. ஏன் நேராக மலாக்காவுக்கே ரயிலில் போகவில்லை என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் தம்பினிலிருந்து மலாக்காவுக்குக் கிளைப்பாதை இருந்தது. சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து, சயாமுக்கு ரயில் போடக் கொண்டுபோய்விட்டான். அதனால் தம்பினில் இறங்கி, இருபத்து நான்கு மைல் பஸ்ஸில் போக வேண்டியிருந்தது.

அந்த பஸ்ஸின் கண்டக்டரைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நம் ஆள்தான், இருபத்தைந்து வயதிருக்கும், தலையில் எண்ணெய் வழிய வழிய ஒரு வகிடு. எங்கள் கையில் பந்தைப் பார்த்ததும் பயணம் முழுக்க எங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டார். தான் ஆடாத ஆட்டமே இல்லை என்றார். பந்தாட்டத்தில் மாநிலத்துக்கே ஆடியிருக்க வேண்டியவனாம், முட்டிதான் கெடுத்துவிட்டதாம். ஒரு வெள்ளி இருபது காசு வீதம் டிக்கெட் கிழித்தவர், ஏழாவது டிக்கெட்டில் நின்றார்.

"என்னாம்மா ஆட்டம்?"

"பாஸ்கெட்பால்ண்ணே."

"அதுக்கு ஏழு பேரு எதுக்கு? அஞ்சு பேருதானே?"

நாங்கள் ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். "ஏழு பேருதாண்ணே. நீங்க அஞ்சாங்கல்லச் சொல்றீங்க போல" என்றேன் நான். பஸ்ஸே சிரித்தது. அவர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, "சரி சரி, போயி பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்று முன்னால் போய்விட்டார். நன்றாக மூக்கை உடைத்தோம் என்று மலாக்கா வரைக்கும் எங்களுக்கு ஒரே குஷி.

பாதை அலோர் காஜா வழியாகப் போகும். இரண்டு பக்கமும் ரப்பர், நடுநடுவே நெல் வயல், மலாய்க் கிராமங்கள். இன்றைக்குத் தொழிற்சாலையும் குடியிருப்பு வரிசைகளுமாக இருக்கிற செங், அன்றைக்குக் கண்ணை மூடித் திறப்பதற்குள் கடந்துபோன ஓர் இடம். மதியத்துக்குச் சற்று முன் மலாக்கா ஆற்றோரம் பஸ் நின்றது. அங்கிருந்து நாங்கள் தங்கவும் ஆடவும் வேண்டிய காஜா பேராங் பகுதிக்கு ஒன்றரை மைலுக்குள்தான். மிஸஸ் தேவசகாயம் பெச்சாக்காரர்களிடம், அதுதான் மூன்று சக்கர மிதிவண்டிக்காரர்கள், தமிழில் பேரம் பேசினார். அவர்கள் சீனத்தில் பதில் சொன்னார்கள். எப்படியோ வண்டிக்கு நாற்பது காசில் முடிந்தது.

தங்கியது அங்கேயுள்ள கம்போங் செட்டி என்ற குடியிருப்பில். எங்கள் அணியில் கூடைக்குப் பந்தெறிகிறவள் மீனாச்சி அந்த ஊர்ப் பெண். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: மலாக்கா செட்டிகள் நம்மிடம் இருந்து போன வம்சம்தான். கோயிலும் விபூதியும் நம்முடையது, பேச்சு மட்டும் மலாய். மீனாச்சியின் அம்மா கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்தி, நெற்றியில் விபூதியோடு வாசலுக்கு வந்தார். நான் பெரிய மனுஷியாக "வணக்கம்மா, சௌக்கியமா?" என்று தொடங்கினேன். அவர் மகளைப் பார்த்தார். மீனாச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதன்பிறகு இரண்டு நாளும் என் அரைகுறை மலாயில்தான் ஓட்டம். அவரை மக் சிக், அதாவது சின்னம்மா, என்று கூப்பிட்டோம். புளி போட்ட மீன்குழம்பும் சம்பால் பெலாச்சான் துவையலுமாக அவர் பரிமாறிய மதியச் சாப்பாட்டைப் பற்றித் தனியாக ஒரு பதிவே எழுதலாம். ஆட்டத்துக்கு முன்னால் இவ்வளவு சாப்பிடக் கூடாது என்று மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

மூன்று மணிக்கு ஆட்டத் திடலுக்குப் போனோம். காஜா பேராங் சாலையை ஒட்டி, ஒரு சீனப் பள்ளிக்குப் பின்னால் சிமென்ட் போட்ட திடல். உள்ளே நுழைந்ததும் என் கால் அப்படியே நின்றுவிட்டது. வளையத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பலகை இருந்தது. எங்கள் கம்பத்தில் பலகை கிடையாது, வெறும் வளையம்தான். சரி, ஊருக்கு ஊர் கம்பம் வேறாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொள்வதற்குள், பயிற்சியில் இருந்த ஒரு பெண் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினாள். "ஃபவுல்" என்று எங்கள் பரமேஸ்வரி சத்தமாகச் சொன்னாள். ஒருவரும் விசில் அடிக்கவில்லை. நான் ஒரு பக்கத்து ஆட்களை எண்ணிப் பார்த்தேன். ஐந்து பேர்.

பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிற, ஐந்து பேர் ஆடுகிற, இன்று உலகமே கூடைப்பந்து என்று சொல்கிற ஆட்டம் அது. நாங்கள் ஒரு மாதம் பழகியது ஏழு பேர் ஆடுகிற, பந்தைப் பிடித்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டிய, இன்று வலைப்பந்து என்று சொல்கிற ஆட்டம். எங்கள் ஆசிரியையின் ஊரில் அந்த நாளில் வலைப்பந்துக்குத்தான் 'பெண்கள் பாஸ்கெட்பால்' என்று பெயர். அவர் பொய் சொல்லவில்லை. நாங்களும் அதைத் தமிழாக்கிக் கூடைப்பந்து என்றே சொல்லிவந்தோம், நாங்களும் பொய் சொல்லவில்லை. அத்தனை பேரும் உண்மையைத்தான் பேசி, கண்டக்டர் ஒருத்தரைத் தவிர, பாழுங்கிணற்றில் விழுந்திருந்தோம்.

போட்டியை நடத்தியவள் மலாக்காவில் படித்துக்கொண்டிருந்த ஒரு சீனப் பெண். மிஸ் இயோ என்று எல்லாரும் கூப்பிட்டார்கள், என்னைவிட ஒரு வயதோ இரண்டோ மூத்தவள். அவளும் தன் கல்லூரி அணிக்குத் தலைவி. விஷயத்தைக் கேட்டதும் அவள் முகத்தில் இரத்தமே இல்லை. மெதுவாக விளக்கினாள். பெண்களுக்குப் போட்டி வைக்கலாம் என்று குழுவிலிருந்த ஆண்களைச் சம்மதிக்க வைக்கவே அவளுக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. நான்கு அணி வர வேண்டும், நான்கும் இரண்டு நாளும் முழுதாக ஆட வேண்டும். ஓர் அணி விலகினாலும் பெண்கள் கோப்பை அத்தோடு சரி, அடுத்த வருஷம் திடல் முழுக்க ஆண்களுக்கு. இதுதான் அவர்கள் போட்ட நிபந்தனை. வந்திருந்ததே நான்கு அணிகள்தான். நான்காவது அணி நாங்கள்.

மிஸஸ் தேவசகாயம் என்னைத் தனியே இழுத்துப் போனார். கல்லூரியின் மானம் சந்தி சிரித்துவிடும், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு நாளைக் காலை பஸ்ஸைப் பிடிப்போம் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. எனக்கும் ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. அப்போது மிஸ் இயோ பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

"ஜெகதா, நீங்க நல்லா ஆட வேணாம். வந்து நில்லுங்க. அது போதும்."

வந்து நில்லுங்களாம்! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஜெகதா என்ன, எண்ணிக்கைக்கு வைத்த பொம்மையா? ஆடுகிறோம் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் எனக்கு யாராவது ஒரு காரியம் ஆக வேண்டும் என்றால் கெஞ்ச வேண்டாம், இப்படி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அன்று மாலை மூவார் அணியோடு ஆட்டம். நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நாங்கள் நிஜமாகவே வந்து நின்றோம்! பந்து கைக்கு வந்ததும் ஐந்து பேரும் பழக்கதோஷத்தில் அப்படியே நட்டு வைத்த மாதிரி நின்றோம். வலைப்பந்தில் எதிராளியிடமிருந்து மூன்று அடி தள்ளித்தான் நின்று தடுக்க வேண்டும். பரமேஸ்வரி அந்த மரியாதையை மூவார் பெண்ணுக்குக் கடைசிவரை குறையில்லாமல் கொடுத்தாள். அவளும் நிதானமாகக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தாள். வலைப்பந்துத் திடலை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டிருப்பார்கள், யார் எந்தக் கோட்டைத் தாண்டலாம் என்று கணக்கு உண்டு. இங்கே அந்தக் கோடே இல்லை. நான் இல்லாத கோட்டின் முன்னால் போய் சடாரென்று நின்றேன். வேலியோரம் இருந்த பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு தடவை அல்ல, ஆட்டம் முடியும்வரை அப்படித்தான். எங்களுக்கு மொத்தமே மூன்று கூடை விழுந்தது, மூன்றும் மீனாச்சி போட்டது. அவர்களுக்கு எத்தனை என்று நான் எண்ணவில்லை.

மீனாச்சி வீட்டுக்குத் திரும்பியதும் மிஸஸ் தேவசகாயம் பெட்டியை அடுக்க ஆரம்பித்தார். அந்த நேரம் வாசலில் சைக்கிள் மணி. மிஸ் இயோ. எங்களுக்கு அடுத்து நடந்த ஆட்டத்தில் அவளுடைய அணியும் கோலாலம்பூர் அணியிடம் தோற்றுவிட்டதாம். ஆக, மறுநாள் இறுதி ஆட்டம் மூவாருக்கும் கோலாலம்பூருக்கும். மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் எங்களுக்கும் அவளுக்கும். எங்களோடு மோத வேண்டியவளே எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்திருந்தாள். ஐந்து பேர் இறங்கி ஆடிவிட்டால் இறுதி ஆட்டம் நடந்துவிடும், அதுதான் அவளுக்கு வேண்டியது.

வளையத்துக்கு எங்கே போவது? மக் சிக் சமையலறைக்குப் போய், தான் சந்தைக்கு எடுத்துப் போகிற பிரம்புக் கூடையைக் கொண்டுவந்தார். மீனாச்சி அதை ரம்புத்தான் மரத்தில் உயரமாகக் கட்டினாள். முதல் பந்து நேராக உள்ளே விழுந்தது, விழுந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஏறி எடுத்தோம். இரண்டாவதும் அப்படியே. மக் சிக் கொஞ்ச நேரம் பார்த்தார். கூடையை இறக்கச் சொன்னார். உள்ளே போய் பாராங் கத்தியோடு வந்து, கூடையின் அடிப்பாகத்தைச் சுற்றி ஒரே வெட்டாக வெட்டி எடுத்துவிட்டார். 'நாளைக்குச் சந்தைக்கு?' என்று மீனாச்சி பதறினாள். கை இருக்கிறதே என்று மலாயில் சொல்லிவிட்டு அவர் அடுப்பைப் பார்க்கப் போனார். மகள் என்ன ஆடுகிறாள் என்றுகூட அவருக்குத் தெரியாது.

மிஸ் இயோ முதலில் பந்தைத் தட்டக் கற்றுக்கொடுத்தாள். நாங்கள் தட்டிய பந்து ஒவ்வொன்றும் லங்காங்கில், அதாவது சாக்கடையில் போய் விழுந்தது. நாலைந்து தரம் கழுவிக் கொடுத்துவிட்டு அவளே விட்டுவிட்டாள். "தட்டாதீங்க" என்றாள். "நீங்க ஒருத்தருக்கொருத்தர் வீசுறதுதான் வேகமா இருக்கு, அத யாரும் பிடிக்க முடியல. வீசிட்டு ஓடுங்க." எங்கே ஓடுவது என்று நான் கேட்டேன். எந்தக் கோடு வரைக்கும்?

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள்.

"கோடே இல்ல ஜெகதா. எங்க வேணாலும் ஓடலாம்."

இது ஒரு பெரிய விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குப் பெரிய விஷயம். நான் பந்தைத் தொட்ட நாளிலிருந்து, இது உன் இடம், இதைத் தாண்டாதே என்றுதான் ஆடியிருக்கிறேன். நான் நடு ஆட்டக்காரி, கூடைப் பக்கத்து வட்டத்துக்குள் காலை வைக்கவே கூடாது. திடல் முழுக்க எனக்கு என்று ஒருத்தி சொன்னதும் சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சந்தில், மூன்று குட்டிக் கோயில்களுக்கு நடுவில், இருட்டும்வரை ஓடினேன். மிஸஸ் தேவசகாயம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்கிய பெட்டியைப் பிரித்து எங்கள் சட்டைகளைத் துவைக்கப் போட்டார். நாளைக்குக் கூடுதலாக ஒரு கூடையாவது விழ வேண்டும், இல்லாவிட்டால் பரீட்சையில் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

மறுநாள் மக் சிக்கும் திடலுக்கு வந்தார். கெபாயாவும் கொண்டையுமாக வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தின நாள் சிரித்த பையன்களும் அதே இடத்தில், சிரிக்கத் தயாராக. விசில் அடித்தது. பரமேஸ்வரி பந்தை எடுத்தாள், எனக்கு வீசினாள். நான் வீசிவிட்டு ஓடினேன், திரும்ப வந்தது, வீசினேன், ஓடினேன். ஒரு தடவைகூடப் பந்து தரையில் படவில்லை. மிஸ் இயோவின் பெண்கள் தட்டுகிற பந்தைப் பறித்துப் பழகியவர்கள், தட்டாத பந்தை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. மீனாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலைப்பந்து வளையம் சின்னது, பின்னால் பலகை உதவியும் கிடையாது. அந்தச் சின்ன வளையத்தில் நான்கு வருஷம் பழகியவளுக்கு இந்த வளையம் அகலமாகத் தெரிந்திருக்கிறது. பலகையைத் தொடாமல் நேராக உள்ளே போட்டாள். ஆறாவது கூடை விழுந்தபோது வேலியோரப் பையன்கள் அவள் பெயரைக் கேட்டுக் கத்த ஆரம்பித்தார்கள். பெயரைச் சொல்லிக்கொடுத்தது மக் சிக்.

தோற்றோம். சும்மா சொல்லக் கூடாது, கடைசி நிமிஷம் வரை சரிக்குச் சரியாக இருந்தோம். பிறகு மிஸ் இயோவே பந்தைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தாள். நான் குறுக்கே பாய்ந்தேன், மரியாதையெல்லாம் விட்டு, உடம்போடு உடம்பாக. அவள் என்னைச் சுற்றிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டாள். ஒரே ஒரு கூடை வித்தியாசம். விசில் அடித்ததும் ஜெயித்தவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். நான்காவது அணி இரண்டாவது ஆட்டத்தையும் முழுதாக ஆடி முடித்திருந்தது.

அரை மணி நேரம் கழித்து, குழுவிலிருந்த ஒரு பெரியவர் ஒலிபெருக்கியில் பெண்கள் இறுதி ஆட்டத்தை அறிவித்தார். மூவார் பெண்களும் கோலாலம்பூர் பெண்களும் திடலுக்குள் ஓடி வந்தார்கள். தோற்ற இரண்டு அணியும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோம். எவ்வளவு அழகாக ஆடினார்கள் தெரியுமா! அந்த ஆட்டம் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்து நினைத்து எனக்கு ஒரே கர்வம். அந்தக் கர்வத்தை நான் இதுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அந்தக் காலம்தான் பொற்காலம் என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்தத் திடலில் பெண்களுக்கு உடை மாற்ற ஓர் அறை இல்லை, மழை பெய்தால் சிமென்ட் வழுக்கும், முட்டி சிராய்த்தால் மஞ்சளைத் தவிர மருந்து கிடையாது. இப்போது உள்ளரங்கத் திடலில், முதுகில் பெயர் போட்ட சட்டையோடு, பிள்ளைகள் ஆடுவதை நேரலையில் பார்க்கிறேன். இதுதான் நல்ல காலம். மலாக்காவுக்குப் போகப்போகிற பெண்ணே, உன் காலைப் பார்க்கத் தனி ஆள் வருகிறார் என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டு நான் எழுந்துபோய் ஒரு காப்பி போட்டுக் குடித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

இனி கேட்ட கேள்விக்குப் பதில். கோலாலம்பூரிலிருந்து நேரடி பஸ் இரண்டு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும், வார இறுதியில் அதற்கு மேலும் ஆகும். ஆட்டம் சனிக்கிழமை என்றால் வெள்ளி மதியத்துக்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுங்கள். ரயிலில்தான் போவேன் என்று அடம்பிடித்தால், இன்றைக்கும் தம்பின் பக்கம் இறங்கித்தான் வண்டி பிடிக்க வேண்டும். ஜப்பான்காரன் எடுத்துப்போனதை யாரும் திருப்பிப் போடவில்லை. பஸ் நிலையத்திலிருந்து காஜா பேராங் மூன்று கிலோமீட்டருக்குள்தான். கம்போங் செட்டிக்குக் காலையில் போ, வெயில் ஏறினால் நடக்க முடியாது. கோயில்கள் வீட்டுக்காரர்களுடையவை, செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டு உள்ளே போ. அங்குள்ளவர்களிடம் தமிழில் பொரிந்து தள்ளாதே, மலாயில் பேசு, சிரித்துக்கொண்டே பேசு. செண்டோல், அந்தத் தேங்காய்ப்பால் ஐஸ், குடிக்க வேண்டுமென்றால் ஆட்டத்துக்குப் பிறகு குடி. தெங்கேரா பக்கம் மாலையில் நடக்கலாம். முக்கியமான ஒன்று: எந்த ஆட்டம், எத்தனை பேர் என்று ஒரு தடவை போன் போட்டுக் கேட்டுக்கொள். சிரிக்காதே, கேள்.

அன்று திரும்பும்போது அந்தக் கண்டக்டரின் பஸ் கிடைக்கவில்லை. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். மறு வருஷம் போட்டிக்கு மறுபடியும் அழைப்பு வந்தது. எங்கள் ஆஸ்திரேலிய ஆசிரியை வெட்கத்தோடு ஒரு புத்தகம் வாங்கிப் படித்து, பலகை வைத்த கம்பம் நட்டுக் கொடுத்திருந்தார். முதல் வருஷம் போய்வந்த கதையைக் கேட்டு, ஆட வேண்டும் என்று விடுதியில் பாதிப் பேர் வரிசையில் நின்றார்கள். தம்பினில் பஸ் ஏறினோம். அதே வகிடு, அதே எண்ணெய். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டும், ஒரு வருஷமாகக் காத்திருந்திருக்கிறார் மனுஷன். டிக்கெட்டைக் கிழிக்க ஆரம்பித்தார். ஐந்தில் கொஞ்சம் நிறுத்தினார். ஏழில் என்னைப் பார்த்தார். பத்தில் அவரால் முடியவில்லை.

"போன வருஷம் ஏழு, இந்த வருஷம் பத்தா? இன்னுமா கணக்கு தெரியல ஒங்களுக்கு? அஞ்சு பேருதாம்மா!"

"தெரியும்ண்ணே" என்றேன். "ரெண்டு டீம்."